சத்தர்பூர் பண்ணை வீட்டில் ஜார் கட்சிக்காரர்

மொழிபெயர்ப்பு வேலைக்காகத் தில்லிப் பண்ணை வீடுகளுக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

2006 ஜனவரி. முனிர்காவில் அறை எடுத்துத் தங்கி, ரஷ்ய மொழியில் எம்.ஏ. முடித்து, மேற்படிப்புக்கு மாஸ்கோவுக்கு விண்ணப்பித்திருந்தேன். மயூர் விஹாரில் டிராவல்ஸ் நடத்தும் சேகர் அண்ணன் போன் செய்தார்.

"பெரிய ரஷ்யப் பணக்காரரும்மா, அங்க சொந்தமா டீவி சேனல் வெச்சிருக்கார். ரஷ்யாவுல மறுபடி ஜார் மன்னர் ஆட்சி வரணும்னு கட்சிக்குக் காசு குடுக்கறாராம். இங்க பழைய ராஜ குடும்பத்துப் பெரியவர் ஒருத்தரைப் பேட்டி எடுக்கணும். ஒரு நாள் வேலை, அச்சா?"

முனிர்காவிலிருந்து சத்தர்பூர் சுமார் பத்து கிலோமீட்டர். ஆட்டோவுக்கு எழுபது ரூபாய். கோயிலைத் தாண்டினால் இருபுறமும் மதில்கள்தான். "திரும்பிப் போக இங்க வண்டி கிடைக்காது மேடம்," என்றார் டிரைவர். இருந்தும் அவரை அனுப்பிவிட்டேன், புத்திசாலி! உள்ளே போனதும் செல்போனை வாங்கிக்கொண்டு கேட்டைப் பூட்டினார்கள்.

ராஜாதான் வேண்டும் என்ற பதில் வரவேண்டும் என்று ரஷ்ய முதலாளியின் உதவியாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். என்னையும் கேமராவுக்கு முன்னால் உட்காரவைத்தார். முதலாளி மெதுவாகப் பேசுகிறவர். எனக்குத் தேநீரை அவரே ஊற்றிக் கொடுத்தார். அது இன்னும் பயமாக இருந்தது.

மக்கள் ராஜாவுக்காக ஏங்குகிறார்களா என்று கேட்கச் சொன்னார். பெரியவர் சிரித்தார்.

"எங்க தாத்தா வரி கட்டாதவனை வெயில்ல நிறுத்தி அடிச்சார், மகளே. நான் லைன்ல நின்னு ஓட்டுப் போடறேன். இதுதான் நல்லது."

கதவருகே இரண்டு மெய்க்காவலர்கள். பொய் சொல்லிவிட்டு ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அவர் சொன்னதை அப்படியே ரஷ்ய மொழியில் சொன்னேன். முதலாளி கோபப்படவில்லை.

"உங்கள் உச்சரிப்பு அழகாக இருக்கிறது," என்று புன்னகைத்தார்.

போனைத் திருப்பிக் கொடுத்து, காரிலேயே அறைக்கு அனுப்பிவைத்தார்கள். தப்பித்தேன் என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து, ரஷ்யாவில் ஒளிபரப்பான நிகழ்ச்சியின் சிடியைச் சேகர் அண்ணன் போட்டுக் காட்டினார். என் முகம், என் துப்பட்டா. குரல் மட்டும் வேறொரு பெண்ணுடையது. "ராஜா இல்லாமல் எங்கள் மக்கள் அனாதைகளாகிவிட்டார்கள்" என்றது.

"இங்க யாரும்மா இதைப் பாக்கப் போறா?" என்றார் அண்ணன்.

ஆகவே, போகிறவர்கள் ஆட்டோவைக் காத்திருக்கச் சொல்லுங்கள். போனைக் கொடுக்காதீர்கள். கேமராவில் விழாமல் தள்ளி உட்காருங்கள்.

மாஸ்கோவில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. செப்டம்பரில் போகிறேன். அங்கே எனக்கு ஒருவரையும் தெரியாது. என்னை எத்தனை பேருக்குத் தெரியுமோ!