ரேகை முளைத்த கை

டைல்ஸ்காரருக்குக் கைரேகை கிடையாது. பிறக்கும்போது இருந்தது. பதினோரு வருஷம் அயல்நாட்டில் சிமென்ட் குழைத்து, டைல்ஸ் விளிம்பைத் தேய்த்துத் தேய்த்துப் பத்து விரலும் மழுங்கிவிட்டன. அங்கேயே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பித்தபோது இயந்திரம் மூன்று தடவை முயன்று கைவிரித்தது. எழுத்தர் அலுத்துப்போய், ‘ரேகை படிக்க இயலவில்லை’ என்று கோப்பில் எழுதிவிட்டார்.

அந்த விண்ணப்பத்தில் மனைவி பெயரும் மகள் பெயரும் இருந்தன. அது பலித்தால்தான் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். இரண்டு வருஷமாக அது இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. முடிவு வருமுன் நாட்டைவிட்டுப் போனால் ரத்து. போய்வர ஓர் அனுமதிக் கடிதம் வேண்டும். கெஞ்சிக் கூத்தாடி அதை வாங்கிக்கொண்டு நாற்பது நாள் ஊருக்குப் போனார்.

வீட்டில் மனைவி ஒரு துரும்பைக்கூட நகர்த்த விடவில்லை. “அங்கதான் மாடா உழைக்கிறீங்க, இங்கயாவது சும்மா இருங்க” என்று தினமும் அவர் விரல்களுக்குத் தைலம் தடவினாள். முதல் வாரம் கன்னத்தைத் தொட்டபோது, “குத்துதுப்பா” என்று முகத்தைத் திருப்பிக்கொண்ட மகள், ஐந்தாவது வாரம் அதே உள்ளங்கையில் கன்னம் வைத்துத் தூங்கினாள். கை மரத்துப்போகும்வரை மனுஷன் அசையவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

திரும்பிவந்து இறங்கியபோது விமான நிலைய இயந்திரம் அவர் விரலை உடனே படித்தது. பச்சை விளக்கு எரிந்தது. அதிகாரியின் முகம்தான் மாறியது.

“உங்க கோப்புல ரேகை இல்லை.”

“ஆமாங்க.”

“இப்ப இருக்கு.”

“வளந்துடுச்சுங்க. வீட்டுல வேலை செய்ய விடலை.”

“விண்ணப்பிச்சவருக்கு ரேகை இல்லை. உங்களுக்கு இருக்கு. அப்ப நீங்க அவர் இல்லை.”

“போட்டோவைப் பாருங்க சார்.”

“முகம் யாருக்கு வேணா ஒத்துப்போகும். மூணு மணிக்கு மறுபடி வச்சுப் பார்ப்போம். அப்பவும் ரேகை விழுந்தா அடுத்த விமானத்துல திருப்பி அனுப்பிடுவோம். விண்ணப்பமும் ரத்து.”

அதிகாரி நல்லவர். தண்ணீர்கூடக் கொடுத்தார்.

மணி இரண்டு. கழிப்பறையில் பழைய டைல்ஸைப் பெயர்த்துப் புதிது ஒட்டிக்கொண்டிருந்தார்கள். டைல்ஸ்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு அவர்களில் ஒருவரிடம் தேய்க்கும் கல்லைக் காட்டிக் கையை நீட்டினார். அவர் எதற்கென்று கேட்கவில்லை. தொழில்காரன் கேட்டால் தொழில்காரன் கொடுத்துவிடுவான்.

மூலையில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகத் தேய்த்தார். எரிச்சல் பழகினதுதான். மனைவி நாற்பது நாள் தடவி வளர்த்ததை ஒரு மணி நேரத்தில் அழிக்கிறோமே என்பதைத்தான் தாங்க முடியவில்லை. கல்லைப் பிடித்தபடியே அழுதார். பத்தாவது விரலையும் முடித்து, கல்லைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார்.

மூன்று மணிக்கு இயந்திரம் மூன்று தடவை முயன்று தோற்றது.

“இப்பதான் சரியா இருக்கு” என்று அதிகாரி முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் வீட்டுக்கு போன் போட்டார். மகள்தான் எடுத்தாள்.

“அப்பா, பையில தைலம் இருக்காம். மறக்காம போட்டுக்குவீங்களாம், அம்மா சொல்றாங்க.”

“நீங்க ரெண்டு பேரும் இங்க வந்து சேருங்க கண்ணு. அப்புறம் போட்டுக்கிறேன்.”