வெள்ளை மேஜையில் திறக்காத பெட்டி

அந்தப் பெயரை நான் முதலில் கேட்டது என் கொழுந்தன் வீட்டில். "சீப்பு வர்றா, செருப்பை ஒளிச்சு வைங்க!" என்று அவன் குரல் கொடுக்க, வீடே சிரித்தது. அவன் பெண்டாட்டியின் தங்கைதான் சீப்பு. படகுத்துறைக் கொட்டகையில் அவளுக்கு வேலை. மனுஷர் யாரும் குடியிருக்காத, பறவைகள் தரையிலேயே முட்டையிடுகிற ஒரு தீவுக்குப் போகிற எவரும் அவளைத் தாண்டித்தான் படகேற வேண்டும். வெள்ளை மேஜைமேல் பையைக் கவிழ்ப்பாள், செருப்படியைத் தேய்த்துக் கழுவுவாள், சாக்ஸைச் சீப்பால் வாரி ஒட்டியிருக்கும் விதையை எடுப்பாள். வெளியிலிருந்து ஒரு விதையோ பூச்சியோ அந்தத் தீவில் இறங்கிவிடக் கூடாது. பெரிய அதிகாரியே வந்தாலும் சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டாமல் நகர முடியாது.

ஒரு தரம் தீவிலிருக்கும் விளக்குக் கம்பத்தைப் பழுதுபார்க்க என் கொழுந்தனே டூல்ஸ் பெட்டியோடு வந்து நின்றான்.

"பெட்டியைத் திறங்க அத்தான்."

"என்னையுமா? உங்க அக்காவைக் கட்டினவன்மா நான். உள்ள என்ன, யானையா வச்சிருக்கேன்?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு முகம் கூசிப்போயிற்று. "சரி, போங்க" என்றாள். நோட்டில் 'பார்த்தாச்சு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

மூன்று மாதம் கழித்துத் தீவில் நீளக்கால் மஞ்சள் எறும்பு மொய்த்தது. அது பீய்ச்சுகிற அமிலத்தில் பறவைக் குஞ்சுகள் கண் அவிந்து கிடந்தன. மரக்கட்டையில் மிதந்து வந்திருக்கும் என்று அதிகாரிகள் கடற்கரையில் மருந்து வைத்தார்கள். எறும்பின் படத்தைப் பார்த்ததும் சீப்புக்குத் தெரிந்துவிட்டது. அக்கா வீட்டுப் பின்கட்டில், அந்தப் பெட்டி இருக்கும் மூலையில், அதே எறும்பு.

என்னிடம் ஓடிவந்தாள். "பெரியக்கா, மருந்தைத் தப்பான இடத்துல வைக்கிறாங்க. அது கம்பத்தடியில இருக்கு. சொன்னா அத்தான் வேலை போயிடும், அக்கா என் முகத்துலயே முழிக்கமாட்டா."

"எறும்புக்காகவா குடும்பத்தைப் பிரிப்பே? வாயை மூடிக்கிட்டு இரு" என்றேன். பெரியவள் என்று நம்பிக் கேட்டவளுக்கு நான் சொன்னது அதுதான்.

பன்னிரண்டு நாள் மூடிக்கொண்டிருந்தாள். பதின்மூன்றாம் நாள் நோட்டை அதிகாரி முன்னால் விரித்து, "இது பொய்க் கையெழுத்து சார், நான் பார்க்கலை" என்றாள். கம்பத்தடியைத் தோண்டினார்கள், புற்று அங்கேதான் இருந்தது. அதற்குள் அந்தப் பக்கத்துப் பறவைக் கூடுகளில் பாதிக்குமேல் காலி. "முன்னாடியே சொல்லியிருந்தா?" என்று கேட்டாளாம். அதிகாரி காலிக் கூடுகளை எண்ணிக் குறித்துக்கொண்டாராம்.

கொழுந்தனுக்கு வேலை போயிற்று. அக்காக்காரி கதவைச் சாத்திக்கொண்டாள். எல்லாக் கோபமும் சீப்பின்மேல்தான். என்னை இன்றுவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. "அந்தப் பன்னிரண்டு நாள்ல எனக்கும் பங்கிருக்குடி" என்று ஒருமுறை அவளிடம் சொன்னேன்.

"கையெழுத்து என்னுது பெரியக்கா" என்றாள்.

இப்போது அவளுக்கு மேஜை வேலை இல்லை. மாதம் இரண்டு தடவை அந்தத் தீவுக்குப் போய் எறும்பு மருந்து வைக்கிறாள்.