ஒரே ஊசியில் இரண்டு வேல்

என் நாத்தனாருக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகியும் பிள்ளை இல்லை. அந்த வருஷம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே வருவதாக அவள் நேர்ந்துகொண்டாள். துணைக்கு நானும் கிளம்பினேன். அவள் சாணார்பட்டிப் பக்கம் தக்காளியும் கத்தரியும் போடுகிற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். நான் திண்டுக்கல்லில் ஒரு நூல் மில்லில் ஆபீஸ் வேலை பார்க்கிறேன். அண்ணன் பெண்டாட்டி என்பதால் மதினி என்று கூப்பிடுவாளே தவிர, எங்களுக்குள் இருந்தது கூட்டாளித்தனம்தான்.

மூன்றாம் நாள் மலையேறி இறங்கி, காலெல்லாம் கொப்புளத்தோடு அடிவாரத் தெருவில் வந்துகொண்டிருந்தபோது பச்சை குத்துகிறவர் கண்ணில் பட்டார். ஒரு ஸ்டூல், ஒரு பேட்டரி, பேனா அளவுக்கு ஒரு மெஷின், படங்கள் ஒட்டிய அட்டை. அவ்வளவுதான் கடை.

"வேல் குத்திக்கிருவமா?" என்றேன்.

"வேணாம் மதினி. வலிக்கும்."

"அம்புட்டு தூரம் நடந்து வந்தவளுக்கு இது ஒரு வலியா? வா புள்ள."

கையைப் பிடித்து இழுத்துப் போனது நான்தான். அதை நான் மறைக்க முடியாது.

எங்களுக்கு முன்னால் ஒருவர் தோளில் மயில் குத்திக்கொண்டிருந்தார். அவர் எழுந்ததும் பச்சை குத்துகிறவர் ஊசியை ஒரு துணியில் துடைத்தார், அதே மையில் தொட்டார். "கையக் குடுங்க அக்கா, அஞ்சே நிமிசந்தானுங்க" என்றார். முதலில் நான், பிறகு அவள். கண்ணை இறுக மூடி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முடிந்த பிறகு, "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கு" என்று அவளே சிரித்தாள்.

தேங்காயெண்ணெய் தடவுங்கள், சோப்புப் போடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். ஒரு வாரம் கை வீங்கி நீர் கசிந்தது. பிறகு பொருக்குக் கட்டி அரிக்க ஆரம்பித்தது. அவள் போன் போட்டு, "அரிப்பு தாங்கல மதினி" என்பாள். "சொறியாத, மை போயிரும். மேலாப்புல தட்டிக் குடு" என்பேன். பொருக்கு உதிர்ந்து வேல் தெளிந்தபோது என் வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கோணலா இருக்கே" என்றார். அதோடு சரி, நான் அதை மறந்துவிட்டேன்.

பங்குனி மாதம் எங்கள் மில்லில் இரத்ததான முகாம் நடந்தது. வருஷாவருஷம் கொடுக்கிறவள்தானே என்று சேலைத் தலைப்பை ஒதுக்கிக் கையை நீட்டினேன். என் கையில் குத்தியிருந்த வேலை நர்ஸ் கவனித்தார்.

"எப்பக் குத்துனீங்க?"

"தைப்பூசத்துக்கு."

"ஊசியப் புதுசா பிரிச்சுப் போட்டாங்களா?"

துணியில் துடைத்தது ஞாபகம் வந்தது. இல்லை என்று தலையாட்டினேன். ஒரு வருஷத்துக்கு இரத்தம் கொடுக்க முடியாது என்றார் அவர். ஒருவர் உடம்பில் இருக்கிற காமாலைக் கிருமியோ எச்.ஐ.வி.யோ அதே ஊசி வழியாக அடுத்தவருக்கு வர வாய்ப்பு உண்டு என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். "பயப்படாதீங்க. ஆனா டெஸ்ட் எடுத்துப் பாத்துருங்க."

இரண்டு நாள் கழித்து நாத்தனார் போன் செய்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை.

"மதினி, நாள் தள்ளிப் போயிருக்கு. மருந்துக்கடைல வாங்கிப் பாத்தேன். ரெண்டு கோடு!"

ஆறு வருஷமாக நான் கேட்க ஆசைப்பட்ட செய்தி. "ரொம்ப சந்தோசம் புள்ள" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறுநாளே அரசு ஆஸ்பத்திரியில் எனக்கு இரத்தம் எடுத்தார்கள். ஒன்றும் இல்லை என்று வந்தது. எனக்கு இல்லையென்றால் அவளுக்கும் இருக்காது, சொல்லாமலே விட்டுவிடலாம் என்று மனசு கணக்குப் போட்டது. அதை டாக்டரம்மாவிடமே கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாதும்மா. அவங்களும் பாக்கணும். கர்ப்பமா இருக்காங்கன்னா கண்டிப்பா சீக்கிரமே பாக்கணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். தக்காளிக் கூடைகளுக்கு நடுவில் உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை நின்றது.

"பிள்ளைக்கு வந்துருமா மதினி?"

"இருக்கான்னே இன்னும் தெரியாது. இருந்தாலும் பிள்ளைக்கு வராம காப்பாத்த வழி இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க."

"இத எத்தன நாளா உள்ள வச்சிருந்தீங்க?"

"ஒரு வாரமா."

"இத ஒத்தையில சுமந்துக்கிட்டு சொல்லாம இருந்தா எப்புடி?" என்றாள். அது கோபமா கரிசனமா என்று இன்று வரை தெரியாது. ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இழுத்துக்கொண்டு போனது நீங்கள்தானே என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவே இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியில் முடிவுக்காக மூன்று மணி நேரம் காத்திருந்தோம். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. சீட்டைப் பார்த்த டாக்டரம்மா, "எதுவும் இல்ல, நல்லாருக்கீங்க" என்றார். அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. "இல்லன்னா நல்லதா மேடம்?" என்று கேட்டாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். சில கிருமிகள் தாமதமாகத்தான் தெரியும், இரண்டு மாதம் கழித்து இன்னொரு தடவை இருவரும் வாருங்கள் என்று சொல்லி, காமாலைத் தடுப்பூசிக்கும் எழுதிக் கொடுத்தார்.

அந்த இரண்டு மாதம் பாதி நிம்மதி, பாதி பயம். ஆனி மாதம் வெயிலில் மறுபடி போனோம். அவள் வயிறு லேசாக மேடிட்டிருந்தது. இருவருக்குமே ஒன்றும் இல்லை என்று வந்தது. இனி இதற்காக வர வேண்டாம் என்றார்கள்.

வெளியே வந்ததும், "பசிக்குது மதினி" என்றாள். இரண்டு மாதமாக அவள் வாயிலிருந்து நான் கேட்காத வார்த்தை. எதிரே இருந்த கடையில் இரண்டு தோசை சாப்பிட்டாள். மூன்றாவதும் கேட்டாள். அதை முடிக்கும் வரை அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நத்தம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாயைத் திறந்துகொண்டு, லேசான குறட்டையோடு. நாங்கள் இறங்க வேண்டிய சாணார்பட்டி வந்தது. எழுப்ப மனசு வரவில்லை. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். போகட்டும் என்று கையைக் காட்டினேன். கோபால்பட்டி வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பி வந்தோம்.