ரெஜின் மூடிய வால்வு

ரெஜினுடைய வேலை தண்ணீர் செய்வது. தண்ணீர் பிடிப்பது, சுமப்பது, தேக்குவது, தண்ணீருக்குச் சண்டை போடுவது என்று கோவில்பட்டியில் தண்ணீரை ஒட்டி எத்தனையோ வேலைகள் உண்டு. செய்வது என்று ஒன்று கிடையாது. அதனால் குஜராத்தில் சிப்பு தயாரிக்கும் கம்பெனியில் சேர்ந்து முதல் லீவில் வந்தவன், அதை அம்மா இஞ்ஞாசியம்மாளுக்கு விளக்குவதற்குள் ஒரு சாயங்காலம் போய்விட்டது.

"சிப்பு கழுவுததுக்கும்மா. போனு, காரு எல்லாத்துக்குள்ளயும் இருக்குல்லா, அது. அதைக் கழுவுத தண்ணியில உப்பு, கிருமி, தூசி ஒண்ணுமே இருக்கப்பிடாது."

"அப்ப குடிக்க நல்லாருக்கும்."

"அது குடிக்க ஆகாது."

இஞ்ஞாசியம்மாள் இருபது வருஷம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவள். எதையும் கடைசிவரை யோசித்துவிட்டுத்தான் பேசுவாள். "குடிக்க ஆகாத தண்ணி நம்ம போர்லயே வருதேலே. அதுக்கு எதுக்கு அம்புட்டுத் தூரம் போன?" என்றாள்.

 

சிப்பு கம்பெனியில் வேலை என்றால் ஊரில் மரியாதைதான். உள்ளபடி, ரெஜின் சிப்பைக் கண்ணால் பார்த்ததில்லை. சிப்பு பிறக்கிற கண்ணாடி அறைக்குள் போகிறவர்கள் வேறு சாதி. தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டி, கண் மட்டும் தெரிய நடமாடுவார்கள். அந்த அறைக்குக் காற்று, தண்ணீர், வாயு, கரண்டு எல்லாம் தடையில்லாமல் அனுப்புகிற ஆட்கள் சுவருக்கு வெளியே, குழாய்க் காட்டுக்குள் இருப்பார்கள். ரெஜின் அந்த ஆட்களில் ஒருவன். பயிற்சிக்காக ஒரே ஒருநாள் வெள்ளை உடுப்பு மாட்டி எடுத்த படம் அம்மாவின் போனில் இருந்தது. அவள் அதை மாதாகோயில் வாசலில் எல்லாருக்கும் காட்டினாள். "இது ரெஜின்தானா?" என்று கேட்டவர்களிடம், "கண்ணப் பாத்தா தெரியல?" என்று சண்டைக்குப் போனாள். கால் வைத்தால் செருப்போடு சேர்ந்து வருகிற கரிசல் மண்ணில் பிறந்தவன், ஒரு துளி தூசியும் புகாத அறைக்குக் காவல் இருந்தான். இதில் பெருமைப்பட ஏதோ இருப்பதாக அவனுக்கும் தோன்றியது.

பெருமையைவிடப் பெரிய காரியம் ஒன்றும் இருந்தது. டிப்ளமோ முடித்து, நூற்பு மில், காற்றாலை, தூத்துக்குடி அனல்மின் நிலையம் என்று போன இடமெல்லாம் அவன் கான்ட்ராக்ட் ஆள்தான். கான்ட்ராக்ட் முடிந்ததும் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பான். முப்பத்து மூன்று வயதில், இந்தக் கம்பெனியில்தான் முதன்முதலாக, சோதனைக் காலம் முடிந்தால் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். கடம்பூரில் ரூபியைப் பெண் பார்த்துவிட்டு வந்தார்கள். இரண்டு பக்கமும் பிடித்துப்போயிற்று. பெண்ணின் அப்பா இன்னாசிராஜ் மட்டும் ஒரு வார்த்தை வைத்தார்.

"மாப்பிள்ளை பெர்மனென்ட் ஆகட்டும். ஆன மறு ஞாயித்துக்கிழமையே கோயில்ல கல்யாண ஓலை வாசிச்சிருவோம்."

ரூபியும் போனில் அதைத்தான் கேட்டாள், வேறு மாதிரி. "ஓலை எப்ப வாசிப்பாவளாம்?"

அந்தச் சோதனைக் காலத்தில் ரெஜினுக்கு ஒரு பரிசும் கிடைத்தது. குளிரூட்டும் இயந்திரங்களிலிருந்து சொட்டி வீணாகும் தண்ணீரைச் சேர்த்துத் தோட்டத்துக்குப் பாய்ச்சலாம் என்று யோசனை சொல்லியிருந்தான். தண்ணீர் சேமிப்பு வாரத்தில் மேனேஜர் அவனை மேடைக்கு அழைத்து, தண்ணீரின் அருமை தெரிந்த ஊரிலிருந்து வந்தவர் என்று இந்தியில் புகழ்ந்து, எவர்சில்வர் பிளாஸ்க் ஒன்று கொடுத்தார். கை தட்டினார்கள். பிளாஸ்க் மேல் ஒரு நீலத் துளி வரைந்து, ஒவ்வொரு துளியும் உயிர் என்று எழுதியிருந்தது.

இனி அந்த வால்வுக்கு வருவோம்.

கழுவுகிற தண்ணீருக்கு ஒரு குணம் உண்டு: நிற்கக் கூடாது. குழாய்க்குள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நின்ற இடத்தில் கிருமி கட்டும். கட்டினால் மொத்தக் குழாயும் கெடும். புதிதாக ஒரு மெஷின் வரவேண்டிய இடத்தில் கிளைக்குழாய் மட்டும் போட்டு வைத்திருந்தார்கள். மெஷின் இன்னும் வரவில்லை. ஆகவே அதன் முனையில் சின்ன வால்வு ஒன்றைக் கொஞ்சம் திறந்து வைத்து, பென்சில் கனத்துக்குத் தண்ணீர் இரவும் பகலும் சாக்கடைக்குப் போகும்படி விட்டிருந்தார்கள். 'மூடாதே' என்று சிவப்பு அட்டை தொங்கியது. கோவில்பட்டியில் எட்டு வீட்டுக்காரர்கள் அந்தத் தாரைக்குக் குடத்தோடு வரிசையில் நின்றிருப்பார்கள்.

ரெஜினுக்கு விதி தெரியும். புது ஆட்களுக்கு அவனே அதைச் சொல்லியும் கொடுத்திருக்கிறான். அந்த இடத்தைத் தாண்டும்போது மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவான், தெரிந்தவன் கடன் கேட்க வந்தால் பார்ப்பதுபோல.

ஒருநாள் மத்தியானம் அங்கே நிற்கும்போது அம்மா போன் பண்ணினாள்.

"பத்துப் பன்னெண்டு நாளு தண்ணியே வரலலே. நேத்து விட்டானுவ. அதுவும் அரைமணி நேரந்தான். செண்பகவல்லி வீட்டுல மோட்டாரு வச்சு உறிஞ்சுதாவ, நமக்கு எங்கிட்டு வரும்? கேட்டா அவ என்ன பேச்சு பேசுதாங்கே!"

"சரிம்மா, லாரித் தண்ணி சொல்லு."

"சொல்லியாச்சு. அவன் நாளைக்குங்கான். ஏலே, அங்கன என்ன தண்ணி ஓடுத சத்தம் கேக்கு?"

"ஒண்ணுமில்லம்மா," என்று சொல்லியபடியே ரெஜினுடைய கை போய் வால்வை மூடியது. கொட்டாவி வந்தால் கை வாய்க்குப் போகிற மாதிரிதான் போனது. அவனைக் கேட்டுக்கொண்டு போகவில்லை. அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். பேச்சு முடிந்ததும் ரெஜின் வேறு வேலைக்குப் போய்விட்டான். சத்தம் நின்றதால் அவனுக்குள் ஏதோ ஒரு பாரம் குறைந்ததைத் தவிர, மற்றபடி எதுவும் நினைவில் நிற்கவில்லை.

அடுத்த வாரம் தண்ணீரில் கிருமி என்று ஆய்வகம் சொன்னது. கண்ணாடி அறைக்குள் கழுவிய சிப்புத் தட்டுகளில் புள்ளி விழுந்திருந்தது. மெஷின்கள் நின்றன. கழுவிய சரக்கு மொத்தத்தையும் ஒதுக்கினார்கள்.

மூடிக் கிடந்த வால்வைக் கண்டுபிடித்தது ஷிப்ட் இன்சார்ஜ் சங்கரபாண்டியன். விளாத்திகுளத்துக்காரர். ரெஜினை அந்தக் கம்பெனிக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். அவனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"ஏலே, உண்மையச் சொல்லு. நீயா?"

ரெஜினுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கிவிட்டது.

"அட்டை தொங்குதுல்லா? கண்ணு எங்க போச்சு?"

"தண்ணி வீணாப் போச்சு அண்ணாச்சி."

சங்கரபாண்டியன் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியாமல் நின்றார். "நான் வந்த புதுசுல இதே மாதிரி மூணு வால்வ மூடினேம்லே. அப்ப மெஷினு ஓடல, தப்பிச்சேன். விளாத்திகுளத்துல பருத்திக்கும் மொளகாய்க்கும் வானத்தப் பாத்தவன் இந்த வேலைக்கே வரக்கூடாது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வேணும்னு மூடினேன்னு சொன்னா இன்னைக்கே பெட்டியக் கட்டணும். குழாய்க்குப் பஞ்சு சுத்துத ஆளுக அங்கன வேலை பாத்தாவல்லா? ஏணி இடிச்சு மூடிக்கிச்சுன்னு எழுதுதேன். தற்செயலுக்கு ஒருத்தனும் தண்டனை குடுக்க மாட்டான்."

ஏணி என்று ஒன்று இருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு போனவன் என்று ஒருவனும் இருப்பான். இது இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேருமே அதை நினைக்காத மாதிரி இருந்துகொண்டார்கள்.

அந்த ஏணிக்காரன் மணிராஜ், எட்டயபுரம் ரோட்டுக்காரன். கான்ட்ராக்டரிடம், குளிர் வெளியேறாமல் குழாய்க்குப் பஞ்சு சுற்றுகிற வேலை. இவர்களோடு ஒரே மெஸ்ஸில் சாப்பிடுகிறவன்; ரெஜினை அண்ணாச்சி என்று கூப்பிடுகிறவன். விசாரணைக்கு அவனைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். அவனுக்கு இந்தி வராது. மேனேஜருக்குத் தமிழ் வராது. மொழிபெயர்க்க ஓர் ஆள் வேண்டும் என்று மேனேஜர் சுற்றிப் பார்த்து ரெஜினைக் கைகாட்டினார். தண்ணீரின் அருமை தெரிந்தவர், நடுநிலையாகச் சொல்வார் என்று அதற்குக் காரணமும் சொன்னார்.

"அண்ணாச்சி, நல்லா எடுத்துச் சொல்லுங்க," என்றான் மணிராஜ். "அன்னைக்கு ஏணி அங்கன இல்லவே இல்ல. கேன்டீனுக்குப் பின்னால கிடந்துச்சு. நானேதான் கொண்டு போய்ப் போட்டேன்."

அறையில் எல்லாரும் ரெஜினைப் பார்த்தார்கள். சங்கரபாண்டியன் மட்டும் மின்விசிறியைப் பார்த்தார்.

ரெஜின் இந்தியில் சொன்னான்: "ஏணி எங்கே இருந்தது என்று அவனுக்குச் சரியாக ஞாபகம் இல்லையாம்."

"சொல்லிட்டியளா?" என்றான் மணிராஜ்.

"சொல்லிட்டேன்."

"ரொம்ப உபகாரம் அண்ணாச்சி."

தற்செயலுக்குத் தண்டனை கிடையாது என்று சங்கரபாண்டியன் சொன்னது சரிதான். கம்பெனி யாரையும் தண்டிக்கவில்லை. கான்ட்ராக்டர்தான், அடுத்த கான்ட்ராக்டை மனதில் வைத்து, மணிராஜை அன்றைக்கே ரயிலேற்றிவிட்டார். ரெஜின் நிரந்தரமானான். மறு ஞாயிற்றுக்கிழமை கடம்பூர்க் கோயிலிலும் கோவில்பட்டிக் கோயிலிலும் முதல் ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் வந்து தெரிவிக்கலாம் என்று சாமியார் வழக்கம்போலக் கேட்டார். யாரும் தெரிவிக்கவில்லை. இரண்டாம் ஓலைக்கும் இல்லை, மூன்றாம் ஓலைக்கும் இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் பந்தல் நின்றது, சொந்தக்காரர்கள் வந்து நிறைந்தார்கள். குழாயில் காற்று மட்டும் வந்தது. இஞ்ஞாசியம்மாள் லாரித் தண்ணிக்குச் சொல்லியிருந்தாள். லாரி பின்பக்கமாகவே வந்து பந்தல் ஓரம் நின்றது. இறங்கியவன் மணிராஜ்.

"மாப்பிள்ளை நீங்கதானா? வீடு தெரியாம இருந்துட்டேன் அண்ணாச்சி," என்று சிரித்தான். "பெர்மனென்ட் ஆயிட்டியளாமே."

"ஆமா. நீ எப்ப இந்த வேலைக்கு…"

"வந்த மறு மாசமே. நமக்கும் தண்ணி வேலைதான். நீங்க செய்யுதீங்க, நான் சொமக்கேன்."

ஓஸ் குழாயை எடுத்துத் தரைத்தொட்டிக்குள் விட்டு லாரி வால்வைத் திறந்தான். ரெஜின் பக்கத்திலேயே நின்றான், போக முடியவில்லை. இஞ்ஞாசியம்மாள், பெண் வீட்டிலிருந்து வந்த கடம்பூர் போளி ஒன்றை இலையில் வைத்து மணிராஜிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவன் லாரியின் பின்படியில் உட்கார்ந்து நிதானமாகப் பிட்டுத் தின்றான்.

"ஒண்ணு மட்டும் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு அண்ணாச்சி. ஏணி இடிக்கலன்னு எனக்குத் தெரியும். அப்ப எவனோ கையாலதான் மூடியிருக்கான்."

"இருக்கலாம்."

"வடக்க உள்ளவன் மூட மாட்டான். ஓடுத தண்ணியப் பாத்தா அவனுக்குக் கை பரபரக்காது. நம்ம கரிசக்காட்டு ஆளாத்தான் இருக்கணும்." இன்னொரு துண்டு பிட்டான். "வேணும்னு செஞ்சிருக்க மாட்டான், பாவம். கை தானாப் போயிருக்கும்."

ரெஜின் கைகளைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டான்.

தொட்டி விளிம்புவரை வந்தது. வால்வு ரெஜினுக்கு ஒரு எட்டில்தான் இருந்தது. தண்ணீர் விளிம்பைத் தாண்டியது. மணிராஜ் எழுந்திருக்கவில்லை. மெல்லுவதை நிறுத்தி, ரெஜினின் பேண்ட் பையையே பார்த்தான். உள்ளே விரல்கள் மடங்கி மடங்கி விரிந்தன. எடுக்கக் கூடாது, இப்போது எடுத்தால் இவனுக்குத் தெரிந்துவிடும் என்று ரெஜின் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். தண்ணீர் தெருவில் இறங்கிக் கரிசல் மண்ணைக் குழப்பி, பந்தல் காலைச் சுற்றிக்கொண்டு ஓடியது. சொந்தக்காரர்கள் "தண்ணி! தண்ணி!" என்று கத்தினார்கள்.

ஓடுகிற தண்ணீரைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள் அந்தப் பக்கத்தில் ஒருவனும் கிடையாது. மனதில் வேறொன்று இல்லாவிட்டால். ரெஜின் இதை யோசிக்கவில்லை. மணிராஜ் யோசித்துவிட்டான்.

இஞ்ஞாசியம்மாள் உள்ளிருந்து ஓடிவந்தாள். "மாதாவே! ஏலே, மரம் மாதிரி நிக்கியே, கையில என்ன வாதமா வந்துச்சு? மூடுலே!" அவளே வால்வைத் திருகி மூடினாள்.

"அண்ணாச்சிய வையாதீங்கம்மா," என்றான் மணிராஜ். "ஓடுத தண்ணிய மூடக்கூடாதுன்னு இப்பத்தான் படிச்சிருக்காவ."

மிச்சப் போளியை இலையோடு மடித்து, கொடுத்தவளிடமே திருப்பிக் கொடுத்தான். ஓஸ் குழாயைச் சுற்றி லாரியில் போட்டான். ரெஜினை மறுபடி பார்க்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

இஞ்ஞாசியம்மாள் கையில் பாதிப் போளியோடு சேற்றில் நின்றாள்.

"என்னலே, ஒரு மாதிரி பேசிட்டுப் போறான்? உனக்குத் தெரிஞ்ச ஆளா?"

ரெஜின் கைகளைப் பையிலிருந்து எடுக்கவில்லை.

"சரியா ஞாபகம் இல்லம்மா," என்றான்.