பேரின் வாலில் இருக்கும் ஊர்

என் அப்பாவிடம் ஒரு வித்தை இருந்தது. ஜெர்மன்காரர் ஒருவரின் குடும்பப் பெயரைச் சொன்னால் போதும், அவர் எந்தச் சீமை என்று சொல்லிவிடுவார். கல்கத்தாவின் துறைமுகப் பகுதியான கிடர்பூரில் ஒரு ஜெர்மன் கம்பெனியின் கிடங்கில் அவர் குமாஸ்தா. தஞ்சாவூர்க்காரர் அல்லவா, ஒரு மனிதரைப் பார்த்தால் ஊரைத் தெரிந்துகொள்ளாமல் அவருக்குச் சோறு இறங்காது. இந்தத் துரைமார்கள் நம்மைப்போல் பெயருக்கு முன்னால் ஊரின் எழுத்தைப் போட்டுக்கொள்ளவில்லையே என்று வெகுநாள் குறைப்பட்டார். பெயரிலேயே ஊரைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்துக் குறையைத் தீர்த்துவைத்தவர், அதே கம்பெனியின் மெர்க்லே என்ற இளம் துரை.

"நமக்கு ஊர் பேருக்கு முன்னாடி இருக்கு. அவாளுக்கு வால்ல இருக்கு" என்று அன்று வீட்டுக்கு வந்து அப்பா பிரகடனம் செய்தார். 'சென்' என்று முடிந்தால் வடக்கே கடலோரம். 'ஓ' என்று முடிந்தால் கிழக்கு. 'லே' என்றால் தெற்கே ஷ்வாபியா. அதே பெயர் எல்லை தாண்டி சுவிஸ் தேசம் போனால் 'லி' ஆகிவிடும். நான் பாடத்தைவிட வேகமாக இதை நெட்டுருப் போட்டேன்.

குருதட்சிணையாக அப்பா துரைக்கு 'எந்த ஊர்?' என்ற தமிழைக் கற்றுக்கொடுத்தார். துரை அறிந்த தமிழ் அவ்வளவுதான். என்னைக் கண்டால் கேட்பார். கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த நான், கண்ணால் பார்க்காத கும்பகோணத்தைப் பெருமையாகச் சொல்வேன். அப்பாவின் வித்தையைப் பள்ளிக்கூடத்திலும் அளந்து வைத்திருந்தேன். கிடங்கின் தலைமை குமாஸ்தாவான போரோ பாபுவின் மகள் என் வகுப்பு, அவள் நம்பவில்லை.

யுத்தம் வந்தது. ஜெர்மன்காரர்களை வெள்ளைக்காரச் சர்க்கார் பிடித்து முகாமில் அடைத்தது; சுவிஸ்காரர்களைத் தொடவில்லை. நான் கப்பல் பார்க்க அப்பாவோடு போயிருந்த ஒரு சனிக்கிழமை, கிடங்குக்குப் போலீஸ் துரை வந்தார். மெர்க்லே துரை தொப்பியைக் கையில் பிடித்தபடி, தான் சுவிஸ்காரன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கழுத்தெல்லாம் வியர்வை.

போலீஸ் துரை அப்பாவிடம் திரும்பினார். "இவர்களோடு இத்தனை வருஷம் வேலை பார்த்தவன் நீ. மெர்க்லே என்பது எந்த ஊர்ப் பெயர்?"

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. போரோ பாபு பக்கத்திலேயே நிற்கிறார். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வருமா?

"தெரியாது, ஸார்" என்றார் அப்பா. "வெள்ளைக்காரப் பேரெல்லாம் எனக்கு ஒண்ணு மாதிரிதான்."

போரோ பாபு வயிறு குலுங்கச் சிரித்தார். "மதராஸி பாபுவுக்கு இட்டிலி, தோசை தவிர வேறே பேர் தெரியாது, ஹுஜூர்."

என்னால் பொறுக்க முடியவில்லை. "அப்பா, வாலைப் பார்த்துச் சொல்லேன்ப்பா" என்றேன். தமிழ் அங்கே எங்கள் இரண்டு பேருக்குத்தான் புரியும்.

"பெண் என்ன சொல்கிறாள்?"

"பசிக்கிறதாம், ஸார்." அப்பாவின் கை என் தோளை அழுத்தியது.

போலீஸ் துரை அவரை முட்டாள் என்றார். அப்பா தலையை ஆட்டி அதையும் ஒப்புக்கொண்டார். எனக்குக் காது சுட்டது. முட்டாள் மட்டுமில்லை, பொய் வேறு சொல்கிறார். திங்கட்கிழமை வகுப்பில் எந்த முகத்தோடு நுழைவது?

பிறகு மெர்க்லே துரையிடம், போகலாம் என்றார் போலீஸ் துரை. வெளிவாசலுக்குப் போகும் வழியில் மெர்க்லே துரை எங்கள் எதிரே நின்றார். அப்பாவை அவர் பார்க்கவில்லை. அப்பாவும் அவரைப் பார்க்கவில்லை. என்னிடம்தான் குனிந்து, மெல்லிய குரலில், "எந்த ஊர்?" என்றார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பதில் தெரிந்த கேள்விக்கு வாயை மூடிக்கொள்வது எங்கள் குடும்பத்தில் அன்றைக்கு இரண்டாவது முறை. முதல் முறை அப்பா ஏன் மூடிக்கொண்டார் என்பது எனக்கு விளங்கவில்லை. வீடு போய்ச் சேரும்வரை, யாராவது பார்த்துவிடுவார்களோ என்று, அப்பாவுக்குப் பத்தடி பின்னாலேயே நடந்தேன்.