எங்கள் வீட்டில் பூனை இல்லை

எங்கள் பூனை ஊர் சுற்றும் பூனை. சாம்பல் நிறம். நுனியில் முடிச்சு விழுந்த குட்டை வால். பெயர் என்று எதுவும் வைக்கவில்லை. அப்பா ஒரு தடவை "பூஸ்" என்றால் எங்கிருந்தாலும் ஓடி வரும். நானும் அம்மாவும் பத்துத் தடவை கூப்பிட்டாலும் போகலாமா வேண்டாமா என்று யோசிக்கும். காலையில் அப்பா பால்வாளிகளைத் தூக்கிக்கொண்டு ரப்பர் மரம் சீவக் கிளம்பினால் அதுவும் கூடவே கிளம்பிவிடும். அவர் மரம் மரமாகச் சீவிக்கொண்டு போக, அது பின்னால் சருகைப் பிறாண்டி அரணை பிடித்துக்கொண்டு போகும். வெயில் ஏறியதும் தன் பாட்டுக்குக் காட்டோரம் இறங்கிவிடும். அதற்கு அப்புறம் எங்கே போகிறது, என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது.

அம்மாவுக்கு அது பெரிய கவலை. காட்டோரத்தில் பன்றிக்கு வைத்த கண்ணிகள் உண்டு. மலைப்பாம்பு உண்டு. சாயங்காலம் விளக்கு ஏற்றியும் பூனை வரவில்லையென்றால் அம்மா வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டே இருப்பார். அப்பா சிரிப்பார். எப்படியும் சோறு போடுகிற நேரத்துக்கு அது வந்து நிற்கும்.

மலாயாவில், மலாக்காவிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் தள்ளி இருந்தது அந்த ரப்பர் தோட்டம். நாங்கள் இருந்த மேல்லயம் என்கிற வீட்டு வரிசையில் எட்டே வீடுகள். காட்டுக்கு மிக அருகில் இருந்ததால், வெள்ளைக்காரர்களுக்கும் கம்யூனிஸ்டுகளுக்கும் சண்டை மூண்டு அவசரகாலம் வந்து இரண்டு மூன்று வருடம் கழித்து எங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். காட்டுக்குள் ஒளிந்திருப்பவர்கள் எங்கள் கையிலிருந்து அரிசி வாங்கிவிடக் கூடாது என்பதுதான் காரணம். தோட்டத்து ஆலைக்குப் பக்கத்தில் புது லயம் கட்டி, சுற்றிலும் முள்கம்பி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்தார்கள். ஒரு வாரத்துக்குள் சட்டிபானையோடு லோரியில் ஏறினோம். பூனையைக் கோணிச் சாக்கில் போட்டு அப்பா மடியில் வைத்துக்கொண்டார். வழி முழுக்க அது சாக்குக்குள்ளிருந்து கத்திக்கொண்டே வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

மூன்றாம் நாள் பூனையைக் காணவில்லை. எங்களுக்குத்தான் கம்பிவேலி, அதற்கு என்ன? அடிக்கம்பிக்குக் கீழே புகுந்து இரண்டு மைல் நடந்து பழைய வீட்டுக்கே போய்விட்டது. அப்பாவுக்குச் சீவக் கொடுத்திருந்த மரங்கள் இன்னும் மேல்லயத்துப் பக்கம்தான். அடுத்த நாள் காலை அவர் மூன்றாவது மரத்தில் கத்தி வைக்கும்போது காலில் வந்து உரசியதாம். சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார். மறுபடி போய்விட்டது. இன்னொரு தடவை கொண்டுவந்தார். அதற்கும் அடுத்த நாளே போய்விட்டது.

"கழுத்துல கயித்தக் கட்டி வீட்டுக்குள்ள போடுங்க. ரெண்டு வாரத்துல பழகிடும்" என்றார் அம்மா.

"கட்டிப் போட்டா அது பூனையா? சுத்தித் திரியிற சாதி. நம்மளத்தான் கம்பிக்குள்ள அடைச்சிருக்காங்க, அதையும் எதுக்கு அடைக்கணும்?"

"பட்டாளத்துக்காரங்க சுடுறாங்களாம்ங்க. லாலான்புல்லு ஆடினாலே சுடுறாங்களாம். பூனைன்னு பாத்துட்டா சுடுவாங்க?"

அப்பா சீவுகத்தியை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தார். பூனையைக் கட்டிப் போடவில்லை.

இப்போது மலாக்காவுக்குப் பக்கத்தில் செங் என்கிற ஊரில் மகள் வீட்டில் இருக்கிறேன். அவளிடமும் இரண்டு பூனைகள் இருக்கின்றன. காலையில் கதவைத் திறந்து விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். அவை திரும்பும்வரை நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "விடுங்கம்மா, பூனைதானே லா, வந்துரும்" என்பாள். அவள் சொல்வது சரிதான். என்னால்தான் உள்ளே போய் உட்கார முடிவதில்லை.

ஒரு நாள் வேலை விட்டு வந்த அப்பா, "வயிறு பெருத்திருக்கு, குட்டி போடப் போவுது. ஆனா எலும்பெல்லாம் தெரியுது" என்றார். வீடுகள் காலியான பிறகு அங்கே எலியும் இல்லை, எச்சில் சோறும் இல்லை. கேட்டைத் தாண்டி ஒரு பருக்கை கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். வேலைக்குப் போகிறவர்கள் தண்ணீரை மட்டும் கொண்டுபோகலாம். பசித்தாலும் திரும்பி வந்துதான் சாப்பிட வேண்டும். கேட்டில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. வாளி, தலைத்துண்டு, மடி எல்லாவற்றையும் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள்.

அப்படிப் பிடிபட்டு, பக்கத்துத் தோட்டத்து ஆள் ஒருவர் போனவர் போனவர்தான். அன்றிலிருந்து அம்மா தினமும் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். "யாரு வந்து என்ன கேட்டாலும் இல்ல, தெரியாது. இந்த ரெண்டுதான் ஒன் வாயில வரணும். வேற ஒரு வார்த்த வரக் கூடாது. சொல்லு பாப்போம்."

"இல்ல. தெரியாது."

"ஆங், அதான்."

அப்பா பால்வாளிக்குள், காய்ந்து உறைந்த ரப்பர்பாலான ஒட்டுப்பால் துண்டுகளுக்கு அடியில், வாழை இலையில் மடித்த ஒரு கைப்பிடிச் சோற்றையும் கருவாட்டுத் தலையையும் வைத்துக்கொண்டு போக ஆரம்பித்தது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. நான்கு நாள் போயிருக்கிறார். ஐந்தாம் நாள் கேட்டில் புதுப் போலீஸ்காரர் ஒருவர் நின்றார். வாளியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டார்.

"கூச்சிங்" என்று அப்பா மலாயில் சொன்னாராம். "கூச்சிங் மாக்கான்." பூனை தின்பதற்கு. கேட்டில் நின்ற எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அங்கே இருந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் மட்டும் சிரிக்கவில்லை. காலி செய்த லயத்துக்கு ஒருவன் சோறு கொண்டுபோகிறான் என்றால் அதைத் தின்ன அங்கே யாரோ இருக்கிறார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றியிருக்கும்.

அம்மா அதற்கு முன்பே பெண்கள் வரிசையில் கேட்டைத் தாண்டி வேலைக்காட்டுக்குப் போயிருந்தார். நான் பள்ளிக்கூடம் போவதற்குத் தலை சீவிக்கொண்டிருந்தேன். இரண்டு போலீஸ்காரர்களும், அவர்களோடு மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவரும் வீட்டுக்குள் வந்தார்கள். கண்ணாடிக்காரர் மலாக்கா ஆபீசில் மொழிபெயர்க்கிறவர், யாழ்ப்பாணத்துக்காரர் என்று பிறகு தெரிந்தது. போலீஸ்காரர்கள் அடுப்படியை, பாயை, அரிசி டின்னை எல்லாம் புரட்டினார்கள். கண்ணாடிக்காரர் எனக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். கோபமான முகம் இல்லை. இன்றைக்கும் அந்த முகம் நினைவிருக்கிறது.

"பயப்பிடாதையும் பிள்ளை. உங்கட வீட்டில பூனை நிக்குதோ?"

அந்தத் தமிழே எனக்குப் புதிதாக இருந்தது. பின்னால் துப்பாக்கி தெரிந்தது.

"இல்ல" என்றேன்.

அது பொய்கூட இல்லை. பூனை வீட்டில் இல்லைதான்.  அவர் இன்னும் மெதுவாகக் கேட்டார்.

"முந்தியாவது பூனை வளத்தனீங்களோ? வடிவா யோசிச்சுச் சொல்லும்."

"தெரியாது."

அவர் எழுந்து போலீஸ்காரர்களிடம் ஏதோ சொன்னார். அவர்கள் போய்விட்டார்கள். நான் தலையைப் பின்னி, ரிப்பன் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். அம்மா சொன்னதைச் சரியாகச் செய்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. பதினோரு மணிக்கு அம்மா கேட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு அழுதுகொண்டே ஓடிவந்தபோதுதான், அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனதும், அந்தப் பூனைக்குத்தான் அவர் சோறு கொண்டுபோனார் என்பதும் தெரிந்தது. என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்று அம்மாவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அம்மா பெர்மிட் வாங்கிக்கொண்டு, லாக்கப்பில் இருந்த அப்பாவைப் பார்க்க பஸ்ஸில் மலாக்கா போனார். ஊரடங்குக்கு முன்னால் திரும்பினார். வந்ததும் என்னை ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. என்னை உட்காரவைத்து, சோற்றைப் பிசைந்து ஊட்டினார். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு ஏன் ஊட்டுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் அம்மா வேலைக்குப் போன இடத்திலிருந்து, வேலையை மேற்பார்க்கும் தண்டலிடம் கெஞ்சி மேல்லயத்துக்குப் போய் பூனையைப் பிடித்துச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார். நேராகக் கேட்டில் அவிழ்த்துக் காட்டினார். "இந்தா பாருங்க. இதுக்குத்தான். சத்தியமா இதுக்குத்தான் கொண்டு போனாரு." இன்ஸ்பெக்டர் பூனையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். எந்தத் தோட்டத்தில்தான் பூனை இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"விசாரணை வரும். அப்ப காட்டணும்" என்று அம்மா அதை அடுப்படித் தூணில் கயிற்றால் கட்டினார். குட்டி போட்டிருந்தது. மடி கனத்துத் தொங்கியது. "குட்டிங்களக் காணோம். எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கு. தேட நேரம் குடுக்கல. நாளைக்குப் போயி எடுத்தாந்துடறேன்" என்றார்.

அது ராத்திரி முழுக்கக் கத்தியது. விடிந்து அம்மா வேலைக்குப் போன பிறகும் நிற்கவில்லை. குரல் கம்மிப்போய், வாய் திறப்பது மட்டும் தெரிந்தது. கயிறு உரசிக் கழுத்து மயிர் உதிர்ந்திருந்தது. மடியிலிருந்து பால் தரையில் சொட்டியது. நான் தட்டில் வைத்த சோற்றை அது மோந்துகூடப் பார்க்கவில்லை. கட்டிப் போட்டா அது பூனையா என்று அப்பா சொன்னது எனக்குக் கேட்டது. அவர் இருந்தால் இப்படி விட்டிருப்பாரா? நானாக முடிவு செய்துதான் கயிற்றை அவிழ்த்தேன். குட்டிகளுக்குப் பால் கொடுத்துவிட்டு வரட்டும், அம்மா எப்படியும் போய் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்கிவந்துவிடுவார் என்று நினைத்தேன். பூனை கதவிடம் ஒரு தடவை நின்று உடம்பை உதறியது. பிறகு ஒரே ஓட்டமாக ஓடி, வேலிக்கடியில் வயிறு உரசப் புகுந்து புல்லுக்குள் மறைந்தது.

பள்ளிக்கூடத்தில் மதிய வெயிலில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தோம். வாத்தியார் திடீரென்று நிறுத்திவிட்டு ஜன்னலருகே போனார். மேல்லயத்துப் பக்கம் புகை எழுந்தது. முதலில் மெல்லிசாக, பிறகு கறுப்பாகத் திரண்டு ரப்பர் மரங்களுக்கு மேலே ஏறியது. காட்டிலிருந்து வருகிறவர்கள் தங்கிவிடக் கூடாது என்று பழைய வீடுகளைக் கொளுத்திவிட்டார்கள். அப்பாவிடம் பிடித்த அந்த ஒரு பிடிச் சோற்றுக்குப் பிறகுதான் அந்த உத்தரவு வந்திருக்க வேண்டும்.

அன்று பெண்கள் யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. வீட்டுக்கு வந்த அம்மா தூணைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்றாம் நாள்தான் மேல்லயத்துக்குப் போக முடிந்தது. திரும்பி வந்தவரிடம், "பூஸ் இருந்துச்சாம்மா?" என்று கேட்டேன். கை கால் கழுவிக்கொண்டே, "ஒன்னும் இல்ல. எங்கயாச்சும் தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றார். எனக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னார். ரொம்ப நேரம் கழுவினார்.

அப்பா எட்டு மாதம் கழித்து வந்தார். முடி பாதி நரைத்திருந்தது. லோரியிலிருந்து இறங்கியவர் கேட்டில் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"பூஸ் எங்க பாப்பா?"

"அவுத்து விட்டுட்டேன்பா. கத்திக்கிட்டே இருந்துச்சு."

"நல்லதுதான் செஞ்ச" என்று என் தலையில் கைவைத்தார். "குட்டிங்கக்கிட்ட போயிருக்கும்."

வீடுகள் எரிந்ததை அம்மா அவரிடம் அன்று சொல்லவில்லை. அடுத்த வாரம் வேலைக்குப் போனபோது அவரே பார்த்துவிட்டார். அன்று மதியம் அவர் தட்டில் போட்ட சோறு ஆறிக் காய்ந்து கிடந்தது.  அதன் பிறகு எங்கள் வீட்டுக்குள் பூனை வரவில்லை. வெளியே ஏதாவது பூனை தென்பட்டால் அப்பா நின்று பார்ப்பார். கூப்பிட மாட்டார்.

அன்றைக்கு நான் "இல்ல" என்று சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டே வளர்ந்தேன். கல்யாணமாகி, பிள்ளைகள் பெற்ற பிறகும் அதை யாரிடமும் சொல்லவில்லை. அப்பா கடைசியாக மலாக்கா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது எப்படியும் சொல்லிவிடுவது என்று போனேன். கட்டில் ஓரமாக உட்கார்ந்து, "அப்பா, அந்த மேல்லயத்துல இருந்தப்ப, நம்ம பூனை..." என்று ஆரம்பித்தேன். அவர் கையைத் தூக்கி, "பாப்பா, ஒனக்குக் கடைசி பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்று கேட்டார். சொன்னேன். "மழ வரும் போல இருக்கு, நேரத்தோட கெளம்பு" என்றார். மறுபடி ஆரம்பித்தேன். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

அவர் போய் முப்பதாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் கிளம்பிய பிறகு அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மாவின் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"அந்தக் கண்ணாடிக்காரரு அன்னைக்கே ஒங்கப்பாக்கிட்ட சொல்லிட்டாரு. பூனையே இல்லன்னு ஒங்க மகளே சொல்லுது, நாங்க என்ன செய்யன்னு. நான் லாக்கப்புல பாக்கப் போனப்ப மொத வார்த்த அதான் சொன்னாரு. புள்ளைய ஒன்னும் கேக்காத, பயந்துபோயி சொல்லிருச்சு, தெரிஞ்சா தாங்காதுன்னாரு."

"நீயும் சொல்லலியேம்மா."

"நான்தானே ஒனக்குச் சொல்லிக்குடுத்தேன்" என்றார் அம்மா.

எட்டு மாதம் அவர் அதை வைத்துக்கொண்டு உள்ளே இருந்திருக்கிறார். வெளியே வந்து என் தலையில் கைவைத்திருக்கிறார். அதற்கு அப்புறம் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் என்னோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார், என் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் நான் சொல்ல வந்ததை அவர் சொல்லவிடவில்லை. அது எனக்காகத்தான் என்று இப்போது தெரிகிறது. இருந்தாலும், ஒரு தடவை என்னைச் சொல்ல விட்டிருக்கலாம் அப்பா.