செவ்வாய்க்கிழமையையும் சேர்த்து எழுதிய கார்ட்

1. முதல் வருஷத்துப் பிழை

பதுளையில் ஓர் இன்ஷூரன்ஸ் கிளையின் மோட்டார் கவுண்டரில் இருபது வருஷத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறேன். தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து அந்தக் கவுண்டருக்கு வந்த முதல் ஆள் நான்தான். பெருமையடிக்கிறேன் என்று நினைத்தால், ஆமாம், பெருமைதான். ஆனால் தொடக்கம் அப்படி இருக்கவில்லை.

தேர்ட் பார்ட்டி என்பது வாகனம் வைத்திருக்கும் எவரும் எடுத்தே ஆகவேண்டிய இன்ஷூரன்ஸ். உங்கள் வண்டி நொறுங்கினால் உங்களுக்கு ஒரு சதமும் வராது. உங்கள் வண்டி இன்னொருவரை இடித்தால் அவருக்குத்தான் நட்டஈடு. அது இல்லாமல் வண்டிக்கு வருஷ வரி கட்டி ரெவனியூ லைசன்ஸ் எடுக்க முடியாது. அதனால் நம் ஆட்களுக்கு அது லைசன்ஸ் எடுக்கத் தேவையான ஒரு துண்டு, அவ்வளவுதான்.

கார்ட் என்று நாங்கள் சொல்லும் அந்தத் துண்டுக்கும் நாள் பார்ப்பார்கள். புதுக் கார்ட் செவ்வாய்க்கிழமை தொடங்கக் கூடாது. பழையது திங்கள் இரவோடு முடிந்தால், "புதன்ல இருந்து போட்டுக் குடுங்க மிஸ், செவ்வாய் வண்டிய எடுக்க மாட்டேன்" என்பார்கள். முதல் வருஷம் பசறையிலிருந்து வந்த ஒருவருக்கு அப்படியே போட்டுக் கொடுத்தேன். செவ்வாய் மத்தியானம் பொலிஸ் மறித்தது. வழக்கு, கோர்ட், தண்டம். மனிதர் திரும்பி வந்து என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அன்றிலிருந்து ஒரு நாள்கூட இடைவெளி விட்டு நான் கார்ட் எழுதியதில்லை.

2. கவருக்குள் இருந்த தேதி

முருகையா தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர். ஆட்டோ ஓட்டுகிறார். ஒரு திங்கட்கிழமை வந்து அதே பாட்டைப் பாடினார். பாடிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு போன் வர, அதில் பேசத் தொடங்கிவிட்டார். நான் செவ்வாய்க்கிழமையே தொடங்குகிற மாதிரி கார்டை அடித்து, கவரில் போட்டு நீட்டினேன்.

"தேதிய ஒருக்கா பாருங்க அண்ணே."

"நல்ல நேரத்துல பிரிச்சுக்கிறேன் மிஸ்." கவரைக் கண்ணில் ஒற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மத்தியானம் அவரிடமிருந்து போன்.

"மிஸ், புதன்கிழமைனு போட்டத இன்னைக்கினு மாத்தித் தர ஏலுமா? கால்ல விழுந்து கேக்கறேன்."

விஷயம் இதுதான். வண்டியை எடுக்க மாட்டேன் என்றவருக்குக் காலையில் எல்லவுக்குப் போக வெள்ளைக்கார டூரிஸ்டுகளின் ஹயர் சவாரி ஒன்று கிடைத்திருக்கிறது. கை சும்மா இருக்குமா? திரும்பி வரும்போது தோட்டத்து வளைவில், கொழுந்து மூட்டையோடு நடந்துவந்த காளியம்மாவை இடித்துவிட்டார். அந்தப் பெண்ணுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. கார்ட் இல்லை என்ற பயத்தில் பொலிசுக்குப் போகவில்லை. தோட்டத்துத் தலைவர் முன்னிலையில் பேசி, ஆட்டோவைக் காளியம்மா பெயருக்கு எழுதிக் கொடுப்பதாக முடிவாகியிருந்தது.

"தேதி சரியாத்தான் இருக்கு. கவரப் பிரிச்சுப் பாருங்க!" என்று கத்தினேன்.

"சாமி படத்துக்கிட்ட இருக்கு மிஸ். நாளைக்குத்தான் எடுக்கணும்னு வீட்டுல..." அதோடு லைன் போய்விட்டது. பிறகு கிடைக்கவே இல்லை.

அந்தச் சமாதானக் கடுதாசியில் காளியம்மா கைநாட்டு வைத்துவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பொலிசில் என்ட்ரி இருக்காது. நட்டஈடு கேட்க அவருக்கு வழியும் இருக்காது. ஃபைலில் இருந்த கார்டின் கொப்பியை எடுத்துக்கொண்டு, அரை நாள் லீவு எழுதி வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

போய்ச் சேர்ந்தபோது கோயில் வாசலில் கூட்டம். தலைவர் கடுதாசியை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். காளியம்மா பெஞ்சில் காலை நீட்டிக் கிடந்தார். காலில் இரண்டு பலகைத் துண்டுகளை வைத்துக் கட்டியிருந்தார்கள். அதுதான் வைத்தியம்.

"ஆட்டோவ வச்சு நான் என்னா செய்றது? ஓட்டத் தெரியுமா எனக்கு? மலையேறக் காலு வேணும்" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அடுத்த நிமிஷம் கோபமும் வந்தது.

"கடுதாசிய வைங்க தலைவரே. இந்த ஆட்டோவுக்கு இன்னைக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு."

யாரும் நம்பவில்லை. என் கையிலிருந்த கொப்பியையும் நம்பவில்லை. முருகையாவின் மனைவி ஓடிப்போய், மஞ்சள் குங்குமம் வைத்த கவரைக் கொண்டுவந்தார். செவ்வாய்க்கிழமையில் அதைப் பிரிக்க அவருக்குக் கை வரவில்லை. "சாமி மன்னிக்கும், மஜிஸ்ட்ரேட் மன்னிக்க மாட்டாரு" என்று நானே வாங்கிப் பிரித்தேன். தலைவர் கண்ணாடி போட்டுத் தேதியைப் படித்தார். முருகையா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"உக்கார நேரமில்ல. மொதல்ல ஆஸ்பத்திரி, அடுத்து பொலிஸ்" என்று எழுப்பி அனுப்பினேன்.

3. மூன்றாவது ஆள்

மறுநாள் எங்கள் மேனேஜர் சேர் என்னைக் கூப்பிட்டார். பதுளையில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. நல்லவர்தான், ஆனால் க்ளெய்ம் என்றால் காய்ச்சல் வந்துவிடும்.

"அவன் கேட்ட மாதிரி புதன்கிழமை போட்டிருந்தா நமக்கு ஒரு தொல்லையும் இல்ல. வேலியில போன ஓணானப் பிடிச்சு மடியில விட்டுக்கிட்டீங்களே!"

"சேர், கவுண்டருக்கு இந்தப் பக்கம் நாம, அந்தப் பக்கம் கஸ்டமர். மூணாவது ஆள் இங்க வர்றதே இல்ல. அவங்களுக்காகத்தானே இந்தக் கார்ட். நேத்து அவங்களப் பார்த்துட்டு வந்தேன்."

சேர் லீவுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். பிறகு, "லீவ வெட்டிட்டு டியூட்டினு போடுங்க" என்றார்.

கேஸ் இழுத்தது. ஆனாலும் நட்டஈடு வந்தது. புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, பழைய கார்ட் முடிகிற நிமிஷத்தில் புதியது தொடங்க வேண்டும். நல்ல நேரத்தைக் கற்பூரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கஸ்டமர் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.

போன மாதம் காளியம்மா கவுண்டருக்கு வந்தார். காலைக் கொஞ்சம் தாங்கித்தான் நடக்கிறார். மகள் வேலைக்குப் போய்வர ஸ்கூட்டி வாங்கியிருக்கிறார்கள். எந்தத் தேதியிலிருந்து போட வேண்டும் என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"இன்னைல இருந்தே போடுங்க மிஸ். செவ்வாய்க்கிழமைனு தெரிஞ்சுதான் வந்தேன்."